கழுவுவதற்கு முன் சக்கரத்தை ஒரு நிமிடம் பாருங்கள்

மேட்டுப்பாளையத்தில், குன்னூர் போகிற ரோட்டில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அதே இடம். மலை இறங்கி வருகிற வண்டிகள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் கோயம்புத்தூர் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்றால், வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே பிரேக் கருகின வாடை மூக்கில் ஏறும். டீ குடிக்க நிறுத்துகிறவர்கள் இறங்கியதும் முன்சக்கரத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். காலையில் வெள்ளி மாதிரி மின்னின அலாய் வீல், அடுப்புக்கரி பூசின மாதிரி இருக்கும்.

"இதென்னுங்கண்ணா இப்படி ஆயிருச்சு? எதைப் போட்டுத் தேய்ச்சாப் போகும்?"

எதைப் போட்டால் போகும் என்பதை முழுசாகச் சொல்கிறேன். ஆனால் என்னிடம் கேட்கிற எல்லோரிடமும் முதலில் நான் சொல்வது, தண்ணீர் ஊற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள் என்பதுதான். அந்தக் கரி உங்கள் பிரேக்கின் நிலைமையைச் சொல்கிறது. பார்க்காமல் கழுவிவிட்டால் அது சொல்ல வந்தது தண்ணீரோடு போய்விடும்.

அந்தக் கரி எது என்று தெரிந்தால் மீதி எல்லாம் சுலபம். சக்கரத்துக்கு உள்ளே சுற்றுகிற டிஸ்க் வார்ப்பிரும்பு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடில் இரும்பு நார், கிராஃபைட், இன்னும் பல பொடிகள் எல்லாம் பிசினில் சேர்த்து அழுத்தப்பட்டிருக்கும். பிரேக் மிதிக்கும்போது இரண்டும் உரசித் தேய்கின்றன. தேய்ந்த பொடிதான் சக்கரத்தில் படிகிறது, அதில் பெரும்பங்கு இரும்பு. சூடாகப் பறந்து வந்து ஒட்டுகிற இரும்புத் துகள் பனியிலும் மழையிலும் நனைந்தால் துருப்பிடிக்கும். மாதக்கணக்கில் கழுவாத சக்கரத்தில் பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அது அலாயில் வந்த துரு இல்லை. அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது. பேடும் டிஸ்க்கும் உதிர்த்த இரும்பு, மேல்பூச்சில் குத்தி உட்கார்ந்து துருப்பிடித்திருக்கிறது.

மலையில் மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆட்களோடு 1,200 கிலோ இருக்கிற வண்டி இந்த 1,900 மீட்டரை இறங்கும்போது விடுகிற சக்தியை வீட்டுக் கரண்ட் பில் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஆறு யூனிட். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். இன்ஜின் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது நீங்கள் போடுகிற கியரில் இருக்கிறது. மிச்சம் அத்தனையும் பேடும் டிஸ்க்கும் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் பிரேக் பிடித்தால் வண்டியின் கனம் முன்னால் சாய்வதால் முன்சக்கரங்களுக்குத்தான் வேலை அதிகம். நம் ஊர்ச் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் பின்னால் இருப்பது டிரம், அதாவது மூடின உருளைக்குள் பிடிக்கிற பிரேக். அதன் பொடி டிரம்முக்குள்ளேயே அடைந்து கிடக்கும். ஆகவே முன்னால் இரண்டும் கறுத்து, பின்னால் இரண்டும் வெளுத்து இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது இடமும் வலமும் ஒத்துப்போகாதபோது.

கோத்தகிரியிலிருந்து ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியை ஒருவர் எங்களிடம் வண்டி விடுவார். டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை வண்டி, ஞாயிறுதோறும் அவரே துடைப்பார். ஆயில் மாற்ற வந்த அன்றைக்குப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "தம்பி, வலது சக்கரத்துக்கு ஒரு துணி போதும். இடதுக்கு மூணு துணி ஆகுது. ரோட்டோரத்து மண்ணு அந்தப் பக்கம் அடிக்குதோ என்னமோ." எத்தனை மாதமாக என்று கேட்டேன். பொங்கலிலிருந்து என்றார். அப்போது ஆடி மாதம்.

ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. வலதைச் சுற்றினால் தளர்வாகச் சுற்றி நின்றது. சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பரை எடுத்தோம். வெளிப்பேடில் ஏழு மில்லிமீட்டர் இருந்தது, உள்பேடில் இரண்டு. டிஸ்க்கின் உள்முகத்தில் நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டியது. காரணம் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. கேலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு ஸ்லைட் பின் உண்டு. கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய், பின் துருவேறி இறுகிவிட்டது. காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடவில்லை. ஏழு மாதமாக உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்த நிலைமையில் அவர் வாராவாரம் கோத்தகிரியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலை இறங்கி வந்திருக்கிறார்.

பேட் இரண்டு பக்கமும், டிஸ்க் ஜோடி, புதுப் பின், புது உறை. பின்னுக்குப் பிரேக்குக்கென்று வருகிற சிலிகோன் கிரீஸ் மட்டும்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊறி உப்பி மறுபடி இறுகும். டீச்சரம்மாவின் துணிக்கணக்கை அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் செய்யலாம். இரண்டு முன்சக்கரத்தையும் ஒரே நாளில் கழுவுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு ஒரே அளவு வெள்ளைத் துணி இரண்டை எடுத்து, இரண்டு சக்கரத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று சாம்பல், மற்றொன்று கன்னங்கரேல் என்றால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். சந்தேகம் இருந்தால், சமதளத்தில் பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் இடைவெளிக்கும் கிட்டே கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலாக அடித்தால் அதில் பிரேக் பிடித்தபடி நிற்கிறது.

கரியின் தன்மையையும் பார்க்க வேண்டும். உலர்ந்த பொடியாக இருப்பதுதான் இயல்பு. ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது வேறு கதை. சக்கரத்தின் உள்வளையத்தில் கறுப்பு கிரீஸ் கோடுபோட்ட மாதிரி தெறித்திருந்தால் ஆக்ஸில் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை, ஆக்ஸில் பூட், கிழிந்திருக்கும். எண்ணெய் மாதிரி வழிந்திருந்தால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். கரியில் வெள்ளி மினுமினுப்பு தெரிந்து, பிரேக்கில் கிரீச் சத்தமும் வந்தால் பேட் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. புதுப் பேடில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். புதுப் பேட் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டர் மட்டும் கரி கூடுதலாகத்தான் வரும். இரண்டும் ஒன்றோடொன்று படிகிற வரைக்கும் அப்படித்தான்.

எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு கழுவலாம்.

நிழலில், சக்கரம் முழுசாக ஆறின பிறகு. காலை நேரம் நல்லது. மலை இறங்கின சூட்டோடு ஒருபோதும் வேண்டாம். டிரைவர்கள் சிலர் இறங்கியதும் பாட்டில் தண்ணீரை டிஸ்க்கில் ஊற்றுவார்கள், சொய்யென்று ஆவி கிளம்பும். பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் அந்தச் சூட்டில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று குளிர்ந்தால் வார்ப்பிரும்பு வளையலாம், விரிசலும் விடலாம். பிறகு பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடும்.

சக்கரத்துக்குத் தனி வாளி, தனிப் பிரஷ், தனித் துணி. பாடிக்கு வைத்திருக்கிற துணியை இங்கே தொடாதீர்கள். சக்கரத்தில் எடுத்த இரும்புப் பொடியோடு அதே துணி கதவில் பட்டால் பெயின்டில் வட்டவட்டமாகக் கீறல் விழும். கையில் கிளவுஸ், மூக்குக்கு மாஸ்க். இந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையானது, நுரையீரல் வரைக்கும் போகும். ஐரோப்பாவில் கொண்டுவந்திருக்கிற யூரோ 7 விதியில் முதன்முறையாகப் பிரேக் பொடிக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். சாதாரண காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு எலக்ட்ரிக் காருக்கு 3. புகைக்குழாய்க்கு இணையாக இதை வைத்துப் பார்க்கிறார்கள் என்றால் நாமும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கடையில் டிரம்மைத் திறந்து வாயாலோ ஏர் பைப்பாலோ ஊத யாரையும் விடுவதில்லை. நனைத்துத்தான் துடைக்க வேண்டும். நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஊதித்தான் எடுப்போம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கமாக இருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் வெறும் தண்ணீரை வேகமாக அடித்து, வருகிறதெல்லாம் வரட்டும் என்று விடுங்கள். உலர்ந்த கரியைத் துணியால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். பிறகு கார் ஷாம்பு. பிரஷ்ஷுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இரண்டு இஞ்ச் பெயின்ட் பிரஷ் எடுத்து, அதன் தகரப் பட்டையின்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், அலாயில் கீறாது. சக்கரத்தின் ஆரக் கம்பிகளின் முகத்தை எல்லோரும் தேய்க்கிறார்கள். கரி தங்குவது கம்பிகளின் பின்புறத்திலும் உள்வளையத்திலும்தான். நட்டுக் குழிகளுக்குப் பழைய டூத் பிரஷ். ஒரு சக்கரத்தை முடித்து, அலசி, அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள். நான்கிலும் நுரையைப் பூசிவிட்டுத் திரும்பி வந்தால் முதல் சக்கரத்தில் காய்ந்திருக்கும். போர்வெல் தண்ணீராக இருந்தால் அலசியதும் துடைத்துவிடுங்கள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும், அதைப் போக்குவது கரியைவிடக் கஷ்டம்.

வாரம் ஒரு முறை, இரு வாரத்துக்கு ஒரு முறை இப்படிக் கழுவுகிறவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. விட்டுவிட்டு வந்து, பழுப்புப் புள்ளி குத்தி நிற்கிற சக்கரத்துக்குத்தான் அயர்ன் ரிமூவர், அதாவது இரும்புத் துகளைக் கரைக்கிற மருந்து. கார் ஆக்சஸரிஸ் கடைகளில் கிடைக்கும், பாட்டிலில் பிஹெச் நியூட்ரல் (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஷாம்பு போட்டு அலசி, நீர் சொட்டு நின்ற பிறகு தெளியுங்கள். தெளிக்கும்போது நிறமில்லாமல் இருக்கும். அரை நிமிடத்தில் புள்ளி இருக்கிற இடமெல்லாம் கத்தரிப்பூ நிறம் பூக்கும். அப்புறம் கருஞ்சிவப்பாகி, நாவற்பழம் நசுக்கின மாதிரி கம்பியிலிருந்து கோடு கோடாக இறங்கும். அந்த மருந்தில் இருக்கிற தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்து கரைகிற நிறம் அது. அழுகின முட்டை வாடை அடிக்கும். பியூட்டி பார்லரில் முடி சுருட்டுகிற மருந்தும் இதே வகைதான். மூன்று நான்கு நிமிடம் விட்டு, பிரஷ்ஷால் லேசாகக் கிளறி, காய்வதற்கு முன் நன்றாக அலச வேண்டும். காய விட்டால் கறை நிற்கும். டிஸ்க்கிலும் கேலிப்பரிலும் பட்டதை மிச்சமில்லாமல் அலசுங்கள். மலையில் தினம் ஓட்டுகிறவர்கள் மாதம் ஒரு முறை, மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

ஆசிட் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஐடி கம்பெனியில் வேலை செய்கிற தம்பி ஒருவர், முகம் கடைந்து பளபளப்பாக்கின அலாய் வீல் போட்ட புது வண்டியோடு வந்தார். போகிற வழியில் ஒரு வாட்டர் வாஷில் விட்டிருக்கிறார். அங்கே சக்கரத்தில் எதையோ தெளித்து, ஒரே நிமிடத்தில் கரியெல்லாம் போய்விட்டதாம். அவர் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் பார்த்தால் கம்பிகளில் பால் சிந்தின மாதிரி வெள்ளைப் படலம். விரலால் தடவினால் வழுவழுப்பே இல்லை. ஆசிட் மேல்பூச்சுக்கு அடியில் போய் அலுமினியத்தை அரித்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. பூச்சை முழுக்க உரித்து மறுபடி அடிக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கு அவர் செலவழித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வாட்டர் வாஷுக்கு விட்டால் வண்டியோடு நில்லுங்கள். "சக்கரத்துக்கு ஷாம்பு மட்டும் போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பாத்ரூம் கழுவுகிற திரவம், கம்பி நார், பச்சை ஸ்கிரப்பர், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டாம். ஒரு அக்கா குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்திருந்தார். பித்தளைக்குப் புளி சரி. அலாயின் மேலே இருப்பது லாக்கர் பூச்சு, அங்கே புளிக்கு வேலையில்லை.

கழுவுவது ஒரு பக்கம். கரியே குறைவாக வர வேண்டும் என்றால் பேடையும் காலையும் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பிய வடிவமைப்பில் வருகிற வண்டிகள் பலவற்றில் கொஞ்சம் உலோகம் கலந்த லோ மெட்டாலிக் பேட் இருக்கும். குளிரிலும் வேகத்திலும் பட்டென்று பிடிக்கும், அதற்கு விலையாகக் கரி கொட்டும். செராமிக் வகைப் பேடில் கரி குறைவு, நிறமும் வெளிறியிருக்கும், சத்தமும் அடங்கும். டவுனுக்குள் ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல மாற்று. மலை ஓட்டுகிறவர்களிடம் மட்டும், உங்கள் வண்டிக்கென்று பெயர் போட்டு நல்ல கம்பெனி செய்தது இருந்தால் வாங்குங்கள், கரிக்காகப் பிடிப்பை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன். நல்ல பேடுக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. 1962-இல் தொடங்கின பிரேக்ஸ் இந்தியா நம் சென்னை பாடியில்தான் இருக்கிறது. பெயர் தெரியாத பெட்டியில் பாதி விலைக்கு வருகிற பேட் கரியும் கொட்டும், டிஸ்க்கையும் தின்னும். எதை மாற்றினாலும் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றின பிறகு காலி ரோட்டில் அறுபதிலிருந்து பத்து வரைக்கும் எட்டுப் பத்து முறை மிதமாக மிதித்து, நடுநடுவே ஆற விட்டுப் படிய வையுங்கள்.

இறக்கத்தில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும் அநேகமாக இரண்டாவது, கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் ஒன்று. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடு, அல்லது எல் என்று போட்டிருக்கிற தாழ்ந்த கியர். நியூட்ரலில் விட்டால் அந்த ஆறு யூனிட்டும் பேடின் தலையில்தான். இன்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். காலைப் பெடல்மேல் சாய்த்தபடியே இறங்காதீர்கள். வேகம் கூடினால் நன்றாக மிதித்துக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். விடுகிற நேரத்தில்தான் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். ஒரே டாக்ஸி ஸ்டாண்டில், ஒரே மாடல் வண்டியில், ஒருவர் பேட் மாற்றுகிற காலத்தில் இன்னொருவர் இரண்டு முறை மாற்றுவதை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். வித்தியாசம் காலில்தான் இருக்கிறது.

சக்கரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தகடு வைத்தால் கரி வெளியே வராது என்று விற்கிறார்கள். காற்றும் உள்ளே வராது. மலை ஓட்டுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். சுத்தமாகக் கழுவிக் காய்ந்த சக்கரத்தில் வீல் சீலன்ட் என்கிற பாதுகாப்புப் பூச்சைப் பூசி வைத்தால் அடுத்த முறை கரி தண்ணீரிலேயே முக்கால்வாசி இறங்கிவிடும். சாதாரண மெழுகு பிரேக் சூட்டில் சீக்கிரம் போய்விடும்.

டயருக்குப் பாலிஷ் போடுவதென்றால் ஸ்பாஞ்சில் எடுத்து டயரில் தடவுங்கள். நேராகத் தெளித்தால் கம்பி இடுக்கு வழியாக டிஸ்க்கில் படும். அது சிலிகோன், பட்ட டிஸ்க் வழுக்கும். கழுவின மறுநாள் டிஸ்க்கின்மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு தெரியும். ஈரத்தில் வார்ப்பிரும்புக்கு அது இயல்பு, முதல் சில மிதியிலேயே உரிந்துவிடும். ஆனால் கழுவி முடித்த வண்டியைப் பிரேக் நனைந்திருக்கும்போது அப்படியே மெயின் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். வீட்டுச் சந்திலேயே இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய் நான்கைந்து முறை மிதியுங்கள். முதல் மிதியில் கொஞ்சம் வழுக்கும், மூன்றாவதில் பிடிக்கும். பிடித்த பிறகு ரோட்டில் ஏறுங்கள்.